அலைவரிசைக்கும் ஊர் உண்டு, காலனி உண்டு

"பசங்களை குரூப் 4 தேர்வுக்குத் தயார் பண்ணுங்க தோழர். விளையாட்டுப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா தலித் அரசியல்?"

அலங்காநல்லூர் வட்டாரக் காலனிகளில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகங்களைப் பார்க்க வருகிறவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எதிரிகள் அல்ல. இயக்கத்தில் இருபது வருடம் அடி வாங்கிய மூத்தவர்கள், பிள்ளையின் படிப்புக்காகக் கரும்பு வெட்டப் போகும் அப்பாக்கள். அவர்களுடைய பயம் நியாயமானது.

இன்னொரு கேள்வி நகரத்திலிருந்து வருகிறது. கட்டற்ற மென்பொருள் கூட்டங்களுக்குப் போகும்போது அங்கிருக்கும் நண்பர்கள் சிரித்த முகத்தோடு கேட்பார்கள்: "நிரலுக்குச் சாதி கிடையாதே, இதற்குள் ஏன் சாதியைக் கொண்டு வருகிறீர்கள்?"

இரண்டு கேள்விகளுக்கும் எங்களிடம் இருப்பது ஒரே பதில்தான். இந்தக் கட்டுரை அந்தப் பதில்.

முதலில் அந்த விளையாட்டுப் பெட்டியின் கதை. 2004 நவம்பரில் நிண்டெண்டோ நிறுவனம் டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. இரண்டு திரை, உள்ளே ஒரு வைஃபை ரேடியோ. அந்த ரேடியோவை எப்படி இயக்குவது என்ற ஆவணத்தை, நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். காசு கொடுத்துக் கருவியை வாங்கியவருக்கு அது கிடையாது. பெட்டி உன்னுடையது, பெட்டிக்குள் இருக்கும் அறிவு உன்னுடையது அல்ல என்பதுதான் ஏற்பாடு.

சிலர் இந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. எந்த நிறுவனத்தின் சம்பளமும் இல்லாமல், கருவியின் உள்ளே எந்த எண் மாறினால் ரேடியோ என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்து எழுதி வைத்தார்கள். ஸ்டீபன் ஸ்டேர் என்ற நிரலாளர் 2005–2006 காலத்தில் 'டிஎஸ்வைஃபை' என்ற நிரல் தொகுப்பை எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டார். டிஎஸ் கருவிக்குள் இரண்டு செயலிகள் இருக்கின்றன. ரேடியோவைத் தொட முடிந்தது சின்னச் செயலியால் மட்டும்தான். ஆகவே தொகுப்பும் இரண்டு பாதி. ஒரு பாதி சின்னச் செயலியில் உட்கார்ந்து ரேடியோவோடு பேசும். இன்னொரு பாதி பெரிய செயலியில் இருந்துகொண்டு, மற்றக் கணினிகள் வலையில் பேசும் அதே முறையில் நிரலாளருக்கு வழி திறந்துவிடும். மார்ட்டின் கோர்த் என்பவர் கருவியின் உள்ளமைப்பையே விரிவான ஆவணமாக எழுதி யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்தார். அதன் பிறகு வீட்டில் உட்கார்ந்து நிரல் பழகும் ஒரு மாணவர்கூட அந்த ரேடியோவைப் பேச வைக்க முடிந்தது.

பூட்டிய நிறுவனம் என்ன செய்தது? 2014 மே 20 அன்று டிஎஸ்ஸுக்கும் வீ கருவிக்கும் தான் நடத்திவந்த இணைய விளையாட்டுச் சேவையை நிறுத்தியது. கருவிகள் நன்றாகத்தான் இருந்தன, மறுமுனையில் பேச ஆள் இல்லை. விளையாடியவர்களே 'வீம்ஃபை' என்ற மாற்று சர்வரை நடத்த ஆரம்பித்தார்கள். 2024 ஏப்ரல் 8 அன்று 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கும் அதுவே நடந்தது. அதற்குத் திறந்த மூலத்தில் 'பிரிடெண்டோ' என்ற மாற்றை ஒரு குழு கட்டிக்கொண்டிருக்கிறது. சேவை கொடுத்தவன் போய்விட்டான், அறிவைத் திறந்து வைத்தவர்களால்தான் கருவிகள் உயிரோடு இருக்கின்றன.

இதைத் திருட்டு என்று சொல்ல சிலர் வருவார்கள். விளையாட்டுகளைக் கள்ளப் பிரதி எடுத்து விற்பது வேறு, கருவி எப்படி வேலை செய்கிறது என்று படிப்பது வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது எப்படி இயங்குகிறது என்று கவனித்து ஆராயலாம். வேறு நிரல்களோடு அது சேர்ந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, அதைத் தானே கண்டறியலாம். மீறல் ஆகாது.

இப்போது நமக்கு வருவோம். அந்த ஆவணம் மறைத்து வைக்கப்பட்டது, அது புரிந்துகொள்ள முடியாத அளவுக்குக் கடினம் என்பதாலா? இல்லை. அறிவைப் பூட்டி வைத்தால் பூட்டியவன் மேலே இருக்கலாம், அவ்வளவுதான். இந்த விதியை நமக்கு எந்த நிறுவனமும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடாதே, நுழையாதே, படிக்காதே என்ற மூன்றும் ஒரே பூட்டின் மூன்று சாவித் துவாரங்கள் என்று நம் பாட்டன் பூட்டிக்குத் தெரியும்.

மதுரையில் செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் போய்ப் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே மயிர் அளவு கம்பியைப் பற்றவைக்கும் கைகளில் எத்தனையோ நம் காலனிப் பையன்களின் கைகள். பத்தாவதோடு நின்றவன் சிப்பைச் சூடாக்கிக் கழற்றி மாற்றுகிறான். அந்தக் கைக்குப் பெயர் 'மெக்கானிக் பையன்'. அதே போர்டின் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பெயர் பொறியாளர். வேலை மட்டும் பிரிக்கப்படவில்லை, வேலை செய்கிற மனிதர்களே மேல் கீழ் என்று அடுக்கப்பட்டார்கள் என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். கை நம்முடையதாகவும் வரைபடம் அவர்களுடையதாகவும் இருக்கும் வரை அந்த அடுக்கு அப்படியேதான் இருக்கும். விளையாட்டுப் பெட்டியைப் பிரிப்பது ஏன் என்று கேட்ட மூத்தவர்களுக்கு எங்கள் பதிலின் முதல் பாதி இது. பிள்ளைகள் குரூப் 4 எழுதட்டும், நாங்களே பயிற்சி கொடுக்கிறோம். ஆனால் பூட்டைத் திறக்கப் பழகாத தலைமுறை, வேலை கிடைத்த பிறகும் யாரோ பூட்டிய பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கும்.

இனி நகரத்து நண்பர்களுக்கு.

திறந்து வைத்தால் போதும், எல்லாரும் வந்துவிடுவார்கள் என்பது உங்கள் நம்பிக்கை. மகாட் குளத்தின் கதையை ஒருமுறை படியுங்கள். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1923இல். மகாட் நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது 1924இல். குளம் சட்டப்படி திறந்தே இருந்தது. ஒருவரும் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து போய்த் தண்ணீரை அள்ளியபோதுதான் 'திறப்பு' என்ற சொல்லுக்கு அர்த்தம் வந்தது. அதற்கும் அடி விழுந்தது, குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள்.

வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் அப்படி ஒரு குளம்தான். 2005 ஜனவரியில் இந்திய அரசு அரசிதழில் விதி வெளியிட்டு, குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு அந்த அலைவரிசையில் உரிமம் வேண்டாம் என்று அறிவித்தது. அன்று முதல் அது நாட்டில் உள்ள எல்லாருடைய பொதுச் சொத்து. யார் அள்ளினார்கள்?

நம் மதுரை மாவட்டத்திலேயே பார்க்கலாம். கிராமத்துக்குக் கம்பியில்லா இணையம் என்று இந்தியா பேசத் தொடங்கிய காலத்திலேயே அது மேலூருக்கு வந்துவிட்டது. 2001இல் சாரி என்ற திட்டம். சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம், என்லாக் நிறுவனம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டு. மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. இந்த மையங்களுக்கு யார் வருகிறார்கள் என்று ஆய்வு செய்த ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் 2006இல் எழுதியதைச் சமூகவியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். வந்தவர்களில் அதிகம் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், வசதி உள்ளவர்கள். ஒடுக்கப்பட்டோர் வாழும் பகுதிக்குப் பக்கத்தில் மையம் வைத்த இடங்களிலும், அவர்களுக்கென்று தனி முயற்சி எடுத்த இடங்களிலும்தான் அவர்களுடைய வருகை கூடியது. அலையின் வேகமோ கணினியின் விலையோ மட்டும் இதைத் தீர்மானிக்கவில்லை. மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் தீர்மானித்தது.

மேலூர் வட்டாரம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திட்டம் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1997 ஜூன் 30 அன்று, அதே வட்டாரத்தின் மேலவளவில்தான் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித் ஒருவர் ஊராட்சி அலுவலக நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காக நடந்த படுகொலை அது. அப்படிப்பட்ட மண்ணில் "பொது இடத்தில் ஒரு கணினி வைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று பலகை மாட்டினால், அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதற்குள் யார் வருவார்கள்?

இன்றைக்கு வருவோம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு கொண்டுபோகும் திட்டம் டான்ஃபிநெட் வழியாக நடக்கிறது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் அந்த இழை முடிகிற இடம் பெரும்பாலும் ஊராட்சிக் கட்டடம். அந்தக் கட்டடம் இருப்பது பெரும்பாலும் ஊரில். ஊரிலிருந்து காலனிக்கு மிச்சம் இருக்கும் அரைக் கிலோமீட்டரைத்தான் இந்த நாடு எழுபத்தைந்து வருடமாகக் கடக்க முடியாமல் நிற்கிறது. ரோடும் அங்கேதான் நின்றது, குடிநீர்க் குழாயும் அங்கேதான் நின்றது. உத்தபுரத்தில் அந்த இடத்தில் ஒரு சுவரே நின்றது. 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை உடைக்க 2008 மே மாதம் வரை ஆனது. ரேடியோ அலை அந்தச் சுவரைத் தாண்டும் என்று இயற்பியல் ஆசிரியர் சொல்வார். கம்பத்தை எந்தப் பக்கம் நடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு இயற்பியல் ஆசிரியரை யாரும் கூப்பிடுவதில்லை.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது எங்களுக்குத் தெரிந்த ஒரு காலனியின் பிள்ளைகள், சிக்னல் கிடைக்கும் என்று ஊருக்குள் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி நின்று பாடம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் விரட்டப்பட்டார்கள். "சாயங்காலம் இங்கே என்னடா கூட்டம்?" என்பதுதான் காரணம். ஊரின் பெயரை எழுதவில்லை, அந்தப் பிள்ளைகள் அங்கேதான் வாழ வேண்டும். அலைக்குச் சாதி இல்லைதான். அலையைப் பிடிக்க நிற்கும் உடம்புக்கு இருக்கிறது.

"நிரலுக்குச் சாதி கிடையாது" என்பவர்களுக்கு இன்னொரு பெயரை நினைவூட்டுகிறோம். தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களில் திறந்த மூல மென்பொருளை யார் கொண்டு வந்தார் என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் உமாசங்கர் ஐஏஎஸ். எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அதன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியவர். அவர் தலித். 2010இல் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். சொல்லப்பட்ட காரணம், பொய்யான சாதிச் சான்றிதழ் கொடுத்தார் என்பது. ஊழல்களை வெளியே கொண்டு வந்ததற்கான பழிவாங்கல் என்றார் அவர். எதிர்ப்பு எழுந்து அந்த ஆணை அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. நிரலிடம் யாரும் சாதி கேட்கவில்லை, நிரலைக் கொண்டு வந்தவரின் சாதிச் சான்றிதழைத்தான் தோண்டினார்கள். கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களைப் பட்டியல் போடும்போது, அறைக்குள் நுழையும் சுதந்திரம் என்ற ஐந்தாவதை நீங்கள் எழுதாமல் விடுவது, அது உங்களுக்குப் பிறக்கும்போதே கிடைத்துவிட்டதால்.

சரி, செய்ய முடியுமா? முடியும். நம் பக்கத்து மாவட்டத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு வைஃபையைத்தான் பயன்படுத்தியது. வீட்டு ரவுட்டரில் இருக்கும் அதே வகை மலிவான சிப். சாதாரண வைஃபை ஒரு செய்தியை அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்காகக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். பல கிலோமீட்டர் தூரத்தில் பதில் வர நேரம் பிடிக்கும், உடனே செய்தி தொலைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப அனுப்பும். வேகம் செத்துவிடும். அந்தக் குழு திறந்த மூல டிரைவரைக் கையில் எடுத்து, இரண்டு முனையும் முறை வைத்துப் பேசும்படி மாற்றி எழுதியது. கிராமத்து நோயாளி வீடியோவில் மருத்துவரைப் பார்க்க முடிந்தது. டிரைவர் பூட்டப்பட்டிருந்தால் இது நடந்திருக்காது. அதே குழு 2008இல் எழுதிய இன்னொரு கட்டுரை நமக்கு இன்னும் முக்கியம். வலையமைப்பைக் கொன்றவற்றில் முக்கியமானது ஏறி இறங்கும் கரண்ட். காப்பாற்றியது, உள்ளூரில் பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட ஆட்கள். அதாவது அந்த 'மெக்கானிக் பையன்'.

எங்கள் படிப்பகத்தில் இருப்பது மிகச் சின்ன முயற்சி. ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ஒரு பழைய ரவுட்டர். அந்த மென்பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. லிங்க்சிஸ் நிறுவனம் தன் ரவுட்டருக்குள் லினக்ஸை வைத்துவிட்டு மூல நிரலைத் தராமல் இருந்தது, கேட்டு வாங்கினார்கள், 2003இல் வெளியிட்டது, அதிலிருந்து பிறந்தது இது. இணையம் இல்லாதபோதும் பாடநூல்களும் விக்கிப்பீடியாவும் ஓடும் ஒரு சின்னக் கணினி. கூடவே சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்கள் வழியாக வந்த பழைய டிஎஸ் பெட்டிகள் மூன்று.

ஏன் அந்தப் பெட்டி என்றால், அது ரவுட்டரோடு இணைய மறுக்கும். பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்பார்கள். அந்தக் கருவிக்குத் தெரிந்தது பழைய, உடைக்க எளிதான வெப் என்ற பூட்டு மட்டும், இன்றைய பூட்டு அதற்குத் தெரியாது என்று சொன்னால், பூட்டு என்றால் என்ன, சாவி என்றால் என்ன, யார் வைத்தது என்று பாடம் நீளும். இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு தனி வலையைத் திறந்துவிட்டு, டிஎஸ்வைஃபையைக் கொண்டு ஒரு பெட்டியில் தட்டிய எழுத்து இன்னொரு பெட்டியில் வந்தபோது, அலையை வாடகைக்கு வாங்காமல் தாங்களே அனுப்பினார்கள். முதல் முறை பெண் பிள்ளைகளுக்கு என்று வைத்திருக்கிறோம். வீட்டில் போன் அண்ணன் கையில்தான் இருக்கும், தங்கை தொட்டால் "யாருக்கு மெசேஜ் அனுப்புற?" என்ற விசாரணை வரும். சாதியைக் காக்கும் வேலையில் பெண்ணின் கையிலிருந்து போனைப் பிடுங்குவதும் ஒன்று. அதனால் இதையும் சாதி ஒழிப்பு வேலை என்றே கணக்கில் வைத்திருக்கிறோம்.

அரசு இலவசமாகத் தந்த மடிக்கணினி 2011 முதல் நம் வீடுகளுக்கும் வந்தது. அதை நாம் குறை சொல்லவில்லை, அது நம் உரிமை. ஆனால் வாங்குபவராக மட்டும் இருப்பவரிடமிருந்து எதையும் நிறுத்திவிடலாம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் மக்களைச் சுட்டுக் கொன்ற மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். நிறுவனம் சர்வரை நிறுத்துகிறது, அரசு இணையத்தை நிறுத்துகிறது, ஊர் காலனிக்குப் போகும் குழாயை நிறுத்துகிறது. நிறுத்துகிற கை மாறலாம், நிறுத்தப்படுகிறவர் நாமாகவே இருக்கிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. ஊராட்சிக்கு வரும் கண்ணாடி இழையின் ஒரு முனை காலனியின் சமுதாயக் கூடத்திலோ அங்கன்வாடியிலோ முடிய வேண்டும், இதை கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் வைஃபை வேண்டும், அதைப் பராமரிக்க விடுதி மாணவர்களுக்கே பயிற்சி வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில், சிறு கடைக்காரர்கூட உரிமக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை தரலாம். காலனிப் பெட்டிக்கடையும் நம் பெண்களின் சுயஉதவிக் குழுவும் அதில் நுழைய வேண்டும். கல்லூரியில் கணினி படிக்கும் தோழர்களே, ரவுட்டரைத் திறப்பதும் டிரைவரைப் படிப்பதும் எப்படி என்று தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் திறந்திருக்கும் மூலம் நம் பிள்ளைக்குப் பாதிதான் திறந்திருக்கிறது.

காலனியில் உயரமான பொதுக் கட்டடம் பெரும்பாலும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் அந்தத் தொட்டிக்குள்தான் மலத்தைக் கலந்தார்கள். அலங்காநல்லூர் சமவெளியில் தென்னையையும் கரும்பையும் தாண்டி ஆன்டெனா வைக்க அந்தத் தொட்டியின் தலையை விட நல்ல இடம் கிடையாது. அனுமதி கேட்டு மனு எழுதுங்கள், கம்பத்தை நம் கையால் நட வேண்டும். மேலே ஏறத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மேலே ஏறியவர் அங்கே என்ன மாட்ட வேண்டும், ஏன் மாட்ட வேண்டும் என்றும் தெரிந்து ஏற வேண்டும். அதற்குத்தான் இந்த வேலை.